வெலிகம ஆச்சிக்கு

அன்புள்ள ஆச்சி,

இதை உங்கள் பேத்தி வாசித்துச் சிங்களத்தில் சொல்லட்டும். வீட்டுக்கு வந்து சொல்லக்கூடிய நன்றிதான். ஆனால் லயத்தில் பிறந்து, பால்வெட்டப் போன தாய்க்கு மகளான எனக்குப் பீரளு ரேந்தை பின்னச் சொல்லித் தந்தது யார் என்று பெல்மதுளை முழுக்கத் தெரிய வேண்டும். அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

வெலிகமவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது ரேந்தை பின்னும் உருளைத் தலையணையையும் தூக்கிக்கொண்டுதான் வந்தீர்கள். காலிப் பக்கத்துக் கடலோர வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து செய்யும் வேலை, மாணிக்கக் குழியும் இறப்பர் மலையுமான இந்த ஊரில் உங்கள் திண்ணையில் நடந்தது. வேலி ஓரம் நின்று பார்த்த தோட்டத்துப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்.

தலையணையில் துளையிட்ட மாதிரிக் காகிதம், அதன் மேல் குண்டூசிக் காடு, நூல் சுற்றிய பீரளுக் கட்டைகள் சோடி சோடியாக. பார்த்ததும் மலைத்துப் போனேன். எத்தனை கட்டை தொங்கினாலும் ஒரு நேரத்தில் கையில் நாலுதான் என்றீர்கள். நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதின் மேல் போடு. பிறகு ஒவ்வொரு சோடியிலும் வலதை இடதின் மேல் போடு. மாற்று, முறுக்கு, அவ்வளவுதான். மாற்று, முறுக்கு, மறுபடி மாற்று என்றால் துணிபோல நெருக்கமாக விழும். கடைசி மாற்றை விட்டால் வலைபோலத் திறந்து நிற்கும். பூவும் இலையும் விளிம்பும் எல்லாம் இந்த இரண்டு அசைவுக்குள் அடக்கம். பின்னால் உள்ள ஊசியை அவசரப்பட்டு உருவினால் பூ சுருங்கிவிடும் என்று என் விரலைப் பிடித்து நிறுத்துவீர்கள்.

அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது உங்கள் தகரப் பெட்டியை. உங்கள் அம்மாவும் அவருடைய அம்மாவும் பின்னிய துண்டுகளை நீலக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தீர்கள். எது கபாகுருத்துச் சட்டைக்கு, எது படுக்கை விரிப்பு ஓரத்துக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவீர்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தது, ஒல்லாந்தர் காலத்திலும் நின்றது என்று நீங்கள் சொன்ன கதைதான் என்னைப் புத்தகங்களைத் தேடவைத்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1561ஆம் ஆண்டு அச்சான ஒரு மாதிரிப் புத்தகம், வெனிஸ் வணிகர்களோடு 1536இல் இந்தக் கலை தங்கள் ஊருக்கு வந்தது என்கிறது. அங்கேயும் இதே மாற்றும் முறுக்கும்தான், ஆச்சி.

தேடும்போது நாகர்கோவிலும் கிடைத்தது. 1820களில் மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை சொல்லிக் கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்தச் சம்பாத்தியத்தைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். பின்னாளில், 1897இல், முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியாஸ்திரி மரி லூயிஸ் டி மீஸ்டரும் அநாதைப் பிள்ளைகளுக்கு இதையே கற்பித்தார். கங்காணிக் கடனும் அதைக் குறித்த ‘துண்டு’ச் சீட்டும் தோட்டத்தில் கட்டிவைத்த பரம்பரையில் வந்தவள் நான். நாகர்கோவில் பெண்களைப் பற்றி வாசித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் வீட்டில் நகைக் கடனை அடைத்ததும் நீங்கள் தந்த வேலைதான்.

மெஷின் லேஸ் கஜக்கணக்கில் மலிவாக வருகிறது. கையால் பின்னியதை வாங்கி விற்கிறவர்கள் நமக்குத் தரும் விலை நாள் கூலிக்குக்கூடக் கட்டாது. அது அநியாயம். ஆனாலும் என் கடையில் லயத்துப் பிள்ளைகள் இருவர் இப்போது தலையணை முன் உட்காருகிறார்கள். நீங்கள் என்னிடம் ஒரு சதமும் வாங்கவில்லை, நானும் அவர்களிடம் வாங்குவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். 2004 சுனாமியில் தென்கரையில் எத்தனையோ பேரின் கட்டைகளும் மாதிரிக் காகிதங்களும் கடலோடு போயின. உங்கள் பெட்டியில் உள்ள துண்டுகளுக்கும் காகிதத்தில் பிரதி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கட்டக் காகிதத்தோடு வருகிறேன். ஒவ்வொரு துண்டையும் துளைக்குத் துளை பார்த்து வரைந்து, பின்னியவர் பெயரையும் எழுதிவைப்போம். பெயர்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்தப் போயாவுக்கு வரலாம் என்று பேத்தியிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மாணவி,
பெல்மதுளை