மூன்றும் அம்மாதான்

ஓவியமென்றால் உறுப்புகள் அளவோடு அமைய வேண்டும். முகத்திலே களை இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, பாதாதிகேச வருணனைகளில் ஊறிய நமக்கு உடலழகைப் பற்றியிருந்த எண்ணம் இவ்வளவே. அந்த எண்ணத்தோடுதான் கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டமொன்றை அடுத்த பாடசாலைக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தோம்.

சித்திரப் போட்டிக்கென மாணவி ஒருத்தி படமொன்று கொண்டுவந்தாள். மூன்று மரங்கள், மூன்று பெண்கள். ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். மற்றவள் வில்லாய் வளைந்திருந்தாள். மூன்றாமவள் மரத்தடியில் குந்தியிருந்தாள். எவருக்கும் முகமில்லை. முதுகுகள் மட்டுமே அழுத்தமான கோடுகளில் எழுந்திருந்தன. "உருவம் பிழை" என்று ஒதுக்கிவிட்டோம். கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படமொன்று போட்டிக்குப் போயிற்று.

அவள் வாதாடவில்லை. "மூணு பேரில்ல சேர். மூணும் எங்க அம்மாதான். நடுவுல வருசம் போயிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பொருள் விளங்க நமக்கொரு விடியற்காலை தேவைப்பட்டது. பால்வெட்டும் மலைக்குச் சென்று பார்த்தோம். இளமரத்தில் வெட்டு நெஞ்சளவு உயரத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் பட்டை மெல்லியதாய்ச் சீவப்பட, ஆண்டுக்காண்டு அந்தச் சாய்கோடு கீழிறங்குகிறது. முதலில் நின்று வெட்டியவள் பின்னர்க் குனிகிறாள், முடிவில் குந்துகிறாள். ஒருபக்கம் தீர்ந்தால் மரத்தின் மறுபக்கத்தில் மேலிருந்து மீண்டும் தொடங்கலாம். மனித முதுகுக்கு மறுபக்கம் ஏது?

பிறகே சோமநாத் ஹோரின் (1921–2006) கோட்டோவியங்களைக் கூர்ந்து நோக்கினோம். 1946ஆம் ஆண்டின் இறுதியில் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்ப, வட வங்காளத்து ரங்பூருக்குச் சென்றவர் அவர். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டெழுந்த தெபாகா உழவர்களை நாட்குறிப்போடு வரைந்தார். 1947இல் டுவார்ஸ் தேயிலைத் தோட்டத் தொழிலாளரையும் வரைந்தார். அக்கோடுகளில் உடல் அலங்காரமாக நிற்பதில்லை. உழைக்கிறது, சுமக்கிறது, களைத்து அமர்கிறது. பின்னாளில் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் கற்பித்த அவர், 1970களில் 'காயங்கள்' என்ற வரிசையில் உருவத்தையே விலக்கி, வெண்ணிறக் காகிதக் கூழில் வடுக்களை மட்டும் பதித்தார். முகமில்லாமலும் மனிதரைச் சொல்ல முடியும் என்பதை அவரிடம் கற்றோம். அதை நமது மாணவி முன்னரே அறிந்திருந்தாள்.

"பிழை உன் படத்தில் இல்லை, எமது கண்ணில்" என்று வகுப்பின் முன்னே சொன்னோம். படத்தைக் கேட்டபோது தயங்கித் தயங்கி எடுத்துத் தந்தாள். அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டிருந்தாள்! போட்டி முடிந்துவிட்டது, இழந்த வாய்ப்பை நம்மால் மீட்டுத்தர இயலவில்லை. படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினோம்.

பெற்றோர் கூட்டத்தன்று அவளுடைய தாய் வந்தாள். வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்தவளையும் குந்தியவளையும் அவள் உடனே அறிந்துகொண்டாள். நிமிர்ந்து நின்றவளிடம் வந்தபோதுதான் அவள் விரல் நின்றது.

"இதுவும் நானாம்மா?" என்று மகளைக் கேட்டாள்.

தேயிலைப் பெட்டிகளில் சிரிக்கும் பெண்களை உலகம் நன்கறியும். அந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய கோடுகளே நமது பிள்ளைகளின் கைகளிலிருந்து பிறக்க வேண்டும். அவற்றுக்குப் பிழைபோடாத ஆசிரியராக இருக்க நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.