நெடுநாட் கவலை

மனநோய் வைத்தியத்தில் கேள்வி கேட்பதே முதன்மையான வித்தை. எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களில், தமக்குத் துக்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் அமர்கிறவர் அபூர்வம். மேலெல்லாம் வலி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை, ஞாபக மறதி என்று சரீரத்தின் பாஷையிலேயே பேச்சு தொடங்கும். ஆகையால் நான் என்ன கவலை என்று ஆரம்பிப்பதில்லை. இராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்றுதான் கேட்பேன். கவலையை மறைக்கப் பழகியவர்களுக்கும் விழித்த நேரத்தை மறைக்கத் தோன்றுவதில்லை.

மளிகைக் கடைக்காரர் ஒருவரை அவர் மனைவி அழைத்துவந்தார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி, வட்டியைக் கட்ட வாங்கிய தண்டல் பணம், அதற்கு அன்றாடம் வந்து நிற்கும் ஆள் என்று வருஷக்கணக்காக நீண்ட கதை அது. கேள்விக்கு மனைவிதான் பதில் சொன்னார்: “மூணு மணிக்கே முழிச்சு உக்காந்துகிடுதாக, ஐயா. கூப்பிட்டா என்னன்னு கேக்க மாட்டேங்காக.” துண்டுச் சீட்டில் நீளமாக எழுதிய சாமான்களுக்கெல்லாம் மனக்கணக்காகவே தொகை சொல்லிவிடக்கூடிய அம்மனிதரை, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னேன். 93 என்றார், சற்றுப் பொறுத்து 86 என்றார், அதன்பின் கையிலிருந்த கடைச் சாவிக்கொத்தைப் பார்த்தபடியே இருந்துவிட்டார். புத்தி மழுங்கிவிட்டது என்று உறவினர் சொன்னார்களாம். சோம்பல் என்றும் சிலர் சொன்னார்களாம். இரண்டுமல்ல, நெடுநாட் கவலையின் வேலை அது.

ஆபத்து ஒன்று எதிர்ப்படும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரியை ஏவ, அது சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளை ஏவ, கார்ட்டிசால் என்னும் திரவம் இரத்தத்தில் கலந்து, ஓடவோ எதிர்த்து நிற்கவோ வேண்டிய சர்க்கரையைத் தேகத்துக்குத் திரட்டிக் கொடுக்கிறது. காரணம் எதுவாயினும் நெருக்கடி நீடித்தால் எலிகளின் அட்ரீனல் பருத்து, குடலிலும் இரைப்பையிலும் புண் விழுவதை மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே கண்டு எழுதியது 1936இல். 1968இல் நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவன், இவ்வகைத் திரவத்தை மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி விசேஷமாக ஏற்றுக்கொள்வதைக் காட்டினார். ஞாபகத்துக்கு ஆதாரமான அந்தப் பகுதிக்கே, போதும் நிறுத்து என்று சுரப்பிகளுக்கு உத்தரவு அனுப்பும் பொறுப்பும் உண்டு. கவலை மாதக்கணக்கில் நீளும்போது எந்தத் திரவத்தை அடக்கவேண்டுமோ அந்தத் திரவத்தாலேயே அது நலிகிறது. நலிந்தபின் அடக்கும் வல்லமையும் குன்றுகிறது. கடுமையான மனச்சோர்வில் பலருக்குக் கார்ட்டிசால் தணியாமலே நிற்பதை நாங்கள் காண்கிறோம்.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி என் தொழிலுக்கு மிகவும் உதவியது. நாளுக்கு 2 மணி நேரமாக 10 நாள் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அச்சத்தின் இருப்பிடமான அமிக்டலாவிலோ அதே கிளைகள் மேலும் படர்ந்திருந்தன. 21 நாள் நிம்மதியாக விட்ட பின் ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியதென்றும், அமிக்டலா திரும்பவில்லையென்றும் பின்னர் கண்டார்கள். எலியின் மூளையிலிருந்து மனிதரின் மனத்துக்கு ஒரேயடியாகத் தாவுவது முறையல்லவென்றாலும், கடன் முழுதும் அடைந்த பிறகும் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் ஓசைக்குத் திடுக்கிடுகிறவரை நான் அதன் பிறகு வேறு கண்ணோடு பார்க்கலானேன்.

ஸ்கேன் எடுத்தால் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது. அநேக நோயாளிகளின் படங்களை ஒப்பிட்டுச் சராசரி காணும்போது ஹிப்போகாம்பஸில் தென்படும் சுருக்கத்தைக்கொண்டு தனியொருவருக்கு நோய் நிர்ணயம் செய்ய இயலாது. கவலைப்பட்டவரெல்லாம் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதுமில்லை; பரம்பரை, பால்யத்தில் பட்ட இழப்பு, தாங்கிக்கொள்ள ஆளில்லாமை எல்லாம் கூடுகின்றன. எனவே மறுபடியும் கேள்விக்கே வந்து சேர்கிறோம்: உண்பதில் ருசி உண்டா, பேரக்குழந்தை மடியில் ஏறினால் சந்தோஷம் வருகிறதா, விடிகாலையில் பாரம் அதிகமா, சாயங்காலம் கொஞ்சம் தேவலையா, உயிரோடிருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்க அஞ்சவே கூடாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதற்காகக் கையைப் பற்றிக்கொண்டு அழுதவர்கள் உண்டு.

மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். நடைப்பயிற்சியையும் நான் மருந்துச் சீட்டிலேயே எழுதுகிறேன். ஓராண்டு ஒழுங்காக நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 சதவீதம் பருத்ததாக 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு உண்டு. கடனைத் தீர்க்க எங்களிடம் மருந்தில்லைதான். ஆனால் கடன்காரரிடம் தவணை பேச வேண்டிய தெளிவை மீட்டுத் தர முடியும்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் விடியுமுன் விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால், மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். அதற்குரிய சக்தியைத்தான் நோய் பறித்திருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனையைப் பெறலாம். உடன் நீங்களும் வாருங்கள்; அவர் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்வீர்கள்.