இருபத்து நான்கு நிமிடங்கள்



2023ஆம் ஆண்டு ரமழானின் கடைசிப் பத்தில் நான் திருப்பத்தூர் நகரப் பள்ளிவாசல் ஒன்றில் இஃதிகாஃப் இருந்தேன். ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதி. முந்தைய இரவு ஜவ்வாது மலைப் பக்கமிருந்து கோடை மழை காற்றோடு இறங்கியிருந்தது. இஷ்ராக் தொழுதுவிட்டுக் குர்ஆனை விரித்தபோது என் தம்பி நனைந்த சட்டையோடு வந்து திரைக்கு வெளியே நின்றான். "அண்ணா, ஊரில் இன்று ஸஹர் முடிவு அறிவிப்பு பிந்திவிட்டது. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள். என் நோன்பு என்னவாயிற்று என்று உங்களிடம் கேட்டு வரச் சொன்னார்கள்" என்றான்.

எத்தனை நிமிடம் என்று கேட்டேன். இருபத்து நான்கு என்றான்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். பள்ளிவாசலைச் சுற்றி நாற்பது வீடுகள் இருக்கும். அங்கே ஸஹர் நேரத்தை அறிவிப்பது முன்பெல்லாம் மோதினாரின் பொறுப்பு. எழுபதைக் கடந்த பெரியவர். மூன்றரை மணிக்குத் தெருவில் நடந்து கதவுகளைத் தட்டுவார், வைகறைக்குச் சற்றுமுன் ஒலிபெருக்கியில் ஸஹர் முடிந்ததைச் சொல்வார், பின்னர் பாங்கு. ஓராண்டாக அவருக்குக் கண்ணில் புரை. மிஹ்ராபின் பக்கத்துச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைக்கூட அருகே போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஜமாஅத்தில் எடுத்துச் சொன்னவன் நான்தான். இதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத முடியாது.

என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் மென்பொருள் எழுதுகிறார். உள்ளங்கை அளவுள்ள சிறு கணினி ஒன்றில் ஆண்டு முழுமைக்குமான வக்து அட்டவணையை ஏற்றி, ஒலிபெருக்கியோடு இணைத்துக் கொடுத்தார். 3.30க்கு எழுப்பும் அறிவிப்பு, 4.46க்கு ஸஹர் முடிவு, மாலையில் இஃப்தார் என ஒவ்வொன்றும் பதிவு செய்த குரலில் ஒலிக்கும். பாங்கை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆனால் பெட்டி பேசிய பிறகு பாங்கு சொல்வது மோதினாருக்கு வழக்கமாகிவிட்டது. அதாவது, கடிகாரத்தைப் பார்ப்பவர் பள்ளியில் யாரும் இல்லாமற்போயினர்.

அன்று அதிகாலை 3.40க்கு மின்சாரம் போயிற்று, 4.04க்குத் திரும்பிற்று. 4.46க்கு ஒலிக்க வேண்டிய அறிவிப்பு 5.10க்கு ஒலித்தது. வானம் மூடியிருந்ததால் கிழக்கிலும் வெளுப்புத் தெரியவில்லை. கைப்பேசியில் நேரம் பார்க்கும் இளைஞர்கள் முன்னரே வாயைக் கழுவிவிட்டனர். ஒலிபெருக்கியை நம்பி வாழ்ந்த முதியோர் சிலர் மட்டும் உண்டுகொண்டும் பருகிக்கொண்டும் இருந்தனர். என் தாயார் இரத்த அழுத்த மாத்திரையை எப்போதும் கடைசியாகத்தான் விழுங்குவார்கள். அன்று அதை ஐந்து மணிக்கு மேல் விழுங்கியிருக்கிறார்கள்.

சட்டம் தெளிவானது. இரவு இன்னும் எஞ்சியிருக்கிறது என்றெண்ணி உண்டவர், வைகறை புலர்ந்திருந்தது பின்னர் உறுதியானால், அன்றைய எஞ்சிய பொழுதை நோன்பாளியைப் போலவே கழித்து, பிறகு ஒரு நோன்பைக் கழாச் செய்ய வேண்டும், கஃப்பாரா இல்லை. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு இது. குற்றமும் இல்லை, ஏனெனில் அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. இதைத் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு குர்ஆனில் கண் நிலைக்கவில்லை. அவர்கள்மீது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெருநாளுக்கு வந்த மாணவர் நேராகப் பள்ளிவாசலுக்குப் போனார். எங்களைக் குழப்பியது இதுதான்: அன்று காலை ஏழு மணிக்கு என் தம்பி பார்த்தபோது பெட்டியின் நேரம் நொடி பிசகாமல் சரியாக இருந்தது. மாலை இஃப்தார் அறிவிப்பும் சரியாக ஒலித்தது. கடிகாரம் சரி, அட்டவணை சரி, அறிவிப்பு மட்டும் தவறு. அரை நாள் உட்கார்ந்து பெட்டியின் பதிவேட்டைப் படித்துவிட்டு, "ஹஜ்ரத், தவறு வரிசையில் இல்லை, நான் வரிசையை நம்பிய விதத்தில் இருக்கிறது" என்றார். எனக்கு விளங்கவில்லை. உட்கார வைத்து விளக்கினார். மாணவரிடம் பாடம் கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஜாவா என்னும் கணினி மொழியில் 'டிலே கியூ' என்றொரு ஏற்பாடு உண்டு. தாமத வரிசை எனலாம். அமெரிக்கப் பேராசிரியர் டக் லீ தலைமையிலான குழுவினர் உருவாக்கிய கருவித் தொகுப்பின் ஒரு பகுதியாக, 2004இல் வெளிவந்த ஜாவா ஐந்தாம் பதிப்பில் அது சேர்ந்தது. ரேஷன் கடை வரிசையில் முதலில் வந்தவருக்கே முதலிடம். இந்த வரிசையில் அப்படியன்று. உள்ளே நுழையும் ஒவ்வொரு பணியும் தனக்கென ஒரு நேரத்தைச் சுமந்து வருகிறது. எதன் நேரம் முதலில் வருகிறதோ அதுவே தலைப்பில் நிற்கும், கடைசியாக நுழைந்திருந்தாலும் சரி. நேரம் வராத எதையும் வரிசை வெளியே விடாது. எடுக்க வந்த ஊழியன் வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே ஆயிரம் பணிகள் இருந்தாலும், நேரம் கனிந்த ஒன்று இல்லையெனில் அவனுக்கு அது வெறும் அறைதான். பணம் செலுத்தப்படாத முன்பதிவைக் குறித்த கெடுவுக்குப் பின் விடுவிப்பது போன்ற வேலைகளுக்கு இத்தகைய வரிசை பொருந்துமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. வக்து வருமுன் தொழுகை இல்லை. ஹவ்ல் என்னும் ஓராண்டு நிறையாமல் ஸகாத் கடமையாவதில்லை. தவணை வராமல் கடனாளியை நெருக்க இயலாது. உஸூலுல் ஃபிக்ஹில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் இது. ஆனால் மாணவர் ஒரு திருத்தம் சொன்னார். "நேரத்திற்கு முன் தரமாட்டேன் என்பதுதான் அந்த வரிசையின் வாக்கு, ஹஜ்ரத். சரியான நேரத்தில் தருவேன் என்று அது சொல்லவில்லை. பிந்தலாம்."

ஊழியர்கள் பலர் காத்திருக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் சொன்னார். அது எனக்கு எங்கள் வீட்டு ஸஹரை நினைவூட்டியது. எல்லாரும் அலாரம் வைத்துக்கொண்டு உறங்குவதில்லை. அம்மா ஒருவர்தான் நேரத்தை மனத்தில் வைத்துப் படுப்பார்கள். மற்றவர்கள் அவர்களை நம்பி அயர்ந்து தூங்குவார்கள். எழுந்தவுடன் அடுத்த ஆளை எழுப்பிவிட்டுத் தம் வேலைக்குப் போவார்கள். தாமத வரிசையிலும் ஊழியருள் ஒருவன் மட்டுமே தலைவனாக நின்று, தலைப்பிலுள்ள பணிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் மட்டும் கணக்கிட்டு உறங்குகிறான். ஏனையோர் கணக்கின்றி உறங்குகின்றனர். இடையே அதைவிட அவசரமான பணி ஒன்று வந்து தலைப்பில் அமர்ந்தால், உறங்குபவருள் ஒருவன் எழுப்பப்பட்டுப் புதிய கணக்குப் போடப்படும்.

எங்கள் பெட்டியில் ஒரே ஓர் ஊழியன்தான். அவன் உறங்கிய கதை இது. அத்தகைய சிறு கணினிகள் பலவற்றில், மின்சாரம் போன பின்னும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் மின்கலக் கடிகாரம் கிடையாது. எங்களுடையதிலும் இல்லை. நிமிடத்திற்கு ஒருமுறை நேரத்தைக் கோப்பில் குறித்து வைத்து, மீண்டும் விழித்ததும் அங்கிருந்தே அது எண்ணத் தொடங்கும். பிறகு இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 4.04க்கு விழித்த பெட்டி, மணி 3.40 என்றே எண்ணிற்று. வரிசை நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால் மின்சாரத்தோடு அழிந்துபோயிருந்தது. அட்டவணையிலிருந்து அதைப் புதிதாகக் கட்டிற்று. தலைப்பில் நின்றது 4.46 அறிவிப்பு. "உனக்கு இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வரிசை கேட்க, "அறுபத்தாறு நிமிடம்" என்று விடை வந்தது. ஊழியன் அறுபத்தாறு நிமிட உறக்கத்தில் ஆழ்ந்தான்.

நான்கு நிமிடம் கழித்து இணையம் வந்தது. பெட்டியின் கடிகாரம் 4.08 என்று திருந்திற்று. ஆனால் உறங்குபவனை யாரும் எழுப்பவில்லை. கணினிக்குள் இரண்டு கணக்குகள் உண்டாம்: 'இப்போது மணி என்ன' என்பது ஒன்று, 'எவ்வளவு நேரம் கழிந்தது' என்பது மற்றொன்று. ஊழியன் இரண்டாவது கணக்கில் உறங்குகிறான். முதற்கணக்கு எத்தனை முறை திருந்தினாலும் அவனுக்குத் தெரியாது. 4.04இலிருந்து அறுபத்தாறு நிமிடம் எண்ணினால் 5.10. விழித்தெழுந்து மறுபடியும் கேட்டான், நேரம் கடந்திருந்தது, உடனே அறிவித்தான். அடுத்த பணிக்குச் சரியான கடிகாரத்தைப் பார்த்தே கணக்குப் போட்டான். எனவேதான் இஃப்தார் பிசகவில்லை. அதற்கு முன் எத்தனையோ முறை மின்சாரம் போயிருந்தும் நாங்கள் அறியாததற்கும் காரணம் இதுவே. மின்சாரம் திரும்பிய பின் வரும் முதல் அறிவிப்பு மட்டுமே பிந்தும். முந்தைய வெட்டுகளுக்குப் பின் முதலாவதாக வந்தவை யாரும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத அறிவிப்புகளாக இருந்திருக்கின்றன.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும், இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் மக்களுக்கு அறிவித்திருந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்த நபித்தோழர் பார்வையற்றவர். விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பிறகே பாங்கு சொல்வார் என்று அதே அறிவிப்பில் உள்ளது. நேரம் வரும்வரை வாய் திறக்காதவர், நேரத்தைத் தாமே காண இயலாதவர். அவருக்கும் எங்கள் பெட்டிக்கும் இருந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தேன். அவரைச் சுற்றி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் இருந்தார்கள். அந்தக் கணத்தில் வந்து சொன்னார்கள். பெட்டிக்கு ஒருமுறைதான் நேரம் சொல்லப்பட்டது, அதுவும் தவறாக. எங்கள் மோதினாரோ கண் மங்கியவர். அவருக்குச் சொல்ல வேண்டிய நான் நகரத்தில் திரைக்குள் இருந்தேன்.

பழைய பள்ளிவாசல்களில் இதற்கென்றே முவக்கித் என்னும் நேரக்கணிப்பாளர் இருந்தார். திமிஷ்கின் உமவிப் பள்ளிவாசலில் அப்பொறுப்பிலிருந்த இப்னுஷ் ஷாத்திர், 1371இல் அதன் மினாராவுக்காகப் பெரிய சூரியக் கடிகாரம் ஒன்றைச் செய்தார். அவரே பெரும் வானியலறிஞர். மின்வெட்டு அதைத் தொடாது, மேகம் தொடும். எங்கள் மலைமீதே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்த நிகழ்வை அங்கிருந்தும் கவனித்தார்கள். அக்கோளுக்கு வளையங்கள் உண்டென உலகம் அறிந்தது அந்நிகழ்வில்தான். இன்ன இரவில் நிகழும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். இருந்தும் கண்ணைக் கருவியில் வைத்துக் காத்திருந்தார்கள். மக்தப் பிள்ளைகளை ஒருமுறை ஆலங்காயம் வழியாக அங்கே அழைத்துச் சென்றபோது இதைச் சொன்னேன். அன்று எனக்கே அதன் பொருள் முழுதாகப் பிடிபடவில்லை.

திருத்தம் பெரிதன்று. ஊழியன் இனி முழு நேரமும் உறங்குவதில்லை. முப்பது நொடிக்கு ஒருமுறை விழித்து, தலைப்பில் நிற்கும் பணியிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று புதிதாகக் கேட்கிறான். 'டேக்' என்ற கட்டளையை நீக்கி, காலவரம்புள்ள 'போல்' என்ற கட்டளையை மாணவர் எழுதினார். நாணயம் போன்ற மின்கலம் பொருத்திய கடிகாரச் சில்லு ஒன்றையும் சேர்த்தார். இணையத்திலிருந்து நேரம் உறுதியாகும்வரை பெட்டி எதையும் அறிவிக்காது. சிவப்பு விளக்கு எரியும். அப்போது ஒரு மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பதில்தான் ஜமாஅத்தில் பேச்சு நீண்டது. பெட்டி இருக்க மோதினாருக்கு மாதப்படி எதற்கு என்ற கேள்வி, ரமழானுக்கு முன்பே ஒருவர் வாயில் வந்துவிட்டிருந்தது. அன்று நான் மௌனமாயிருந்தேன். ஷவ்வால் முதல் ஜுமுஆவுக்குப் பின் எழுந்து, கழாச் செய்ய வேண்டியோர் யார் என்பதைச் சொல்லி, பெட்டியைக் கேட்டுக் கொண்டுவந்தது நான், மோதினாரை ஓய்வெடுக்கச் சொன்னதும் நான் என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். பின்வரிசையில் அவர் தலை குனிந்து அமர்ந்திருந்தார். பிந்திய பாங்கைச் சொன்னது தம் நாவு என்று அன்றிலிருந்து அவர் சரியாக உண்ணவில்லை என்பதை அதன் பிறகே கேள்விப்பட்டேன். அவருடைய மாதப்படி தொடர்ந்தது. கண் அறுவைக்கு ஜமாஅத்தார் சேர்ந்து பணம் திரட்டினர். இப்போது அவருக்குச் சுவர்க் கடிகாரம் தெரிகிறது; பெட்டி அறிவித்தாலும், முள்ளை ஒருமுறை பார்த்துவிட்டே பாங்கு மேடைக்குப் போகிறார்.

அம்மா அந்த நோன்பை ஷவ்வாலில் ஒரு திங்கட்கிழமை நோற்றார்கள். ஸஹருக்கு நானும் உடன் எழுந்தேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "மணி என்னப்பா?" என்றார்கள். 4.20 என்றேன். "உன் கடிகாரத்தைச் சொல்கிறாயா, வெளியே போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டார்கள். எழுந்து முற்றத்துக்குப் போனேன். மலைக்கு மேலே வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.