கரிசலிலிருந்து முக்திநாத்துக்கு: மலை நாட்டுப் பயணத்துக்கு மானாவாரி விவசாயியின் திட்டம்

விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்துவிட்டால் மல்லாங்கிணறு பக்கத்துக் கரிசலில் வேலை குறைந்துவிடும். பருத்தியில் கடைசி எடுப்பு முடிந்து மார் பிடுங்கியாகிவிடும். மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்குப் போயிருக்கும். இனி ஒரு கோடை மழை விழுந்தால்தான் உழவு. வெளியூர் போக நினைக்கும் மானாவாரிக் குடும்பத்துக்குக் கையில் காசும் நாளும் சேர்ந்து இருப்பது அந்த நாட்களில்தான்.

அப்படி ஒரு பங்குனியில், நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒருவர் தன் அக்காவை நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்குக் கூட்டிப் போகத் திட்டமிட்டார். அக்காவுக்கு வயது 61. கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு இருப்பவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். பல வருடங்களாக அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

“ஏப்பா, விதைக்கும் உரத்துக்கும் வச்சிருக்கிற பணத்தைத் தொட வேண்டாம். அது போக மிச்சம் இருந்தா மட்டும் போவோம்” என்றார் அக்கா.

“புரட்டாசி விதைப்புக்கு எடுத்து வச்சாச்சுக்கா. இது வத்தல் வித்த காசு” என்றார் தம்பி.

பயணச் செலவை எண்ணுமுன் அடுத்த பருவத்துச் செலவைத் தனியே எடுத்து வைத்தார்கள். திரும்பி வந்து வட்டிக்கு வாங்கி விதைக்கிற நிலை வந்தால், போன புண்ணியமெல்லாம் வட்டியிலேயே போய்விடும்.

எந்த மாதம் போவது?

நேபாள மலைகளுக்குப் போக ஏற்ற காலம் இரண்டு. ஒன்று மார்ச் முதல் மே வரை, மற்றொன்று அக்டோபர், நவம்பர். இரண்டாவது காலம் நமக்கு விதைப்பும் களையெடுப்புமான ஐப்பசி, கார்த்திகை. அப்போது மானாவாரி விவசாயி ஊரை விட்டு நகர முடியாது. ஆனால் பங்குனி, சித்திரை இரண்டு பக்கமும் ஒத்து வருகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழை. மலைச்சரிவும் சாலை அடைப்பும் அந்த மாதங்களில்தான் அதிகம். 2024 ஜூலை 12 அன்று சித்வான் மாவட்டத்தில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று பொக்கராவிலிருந்து காத்மாண்டு போன பேருந்து ஒன்று மர்ஸ்யாங்டி ஆற்றோரம் கவிழ்ந்ததில், மகாராஷ்டிராவைச் சேர்ந்த யாத்ரீகர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் மழைக்காலத்தில் மலைப்பாதை வேண்டாம். எந்தக் காலமானாலும் இரவு வண்டியும் வேண்டாம்.

நல்ல மாதத்திலும் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. முக்திநாத்துக்கு மேலே உள்ள தொராங் கணவாயிலும் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்றால் நமக்கு மழை என்று மட்டும் நினைக்கிறோம். இமயமலையில் அதுவே பனியாக விழும்.

பெட்டியில் கிடந்த அட்டை

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் மட்டும் போதும் என்று கிளம்பக்கூடாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் வயதைக் காட்டும் வேறு படச் சான்று போதும். அக்காவுக்கு 61 என்பதால் அந்தச் சலுகை இல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்தார்கள். எழுத்து அழிந்திருந்ததால் புது அட்டைக்கு மனு கொடுத்து வாங்கினார்கள். இது போன்ற வேலைகளுக்கு இரண்டு மாதமாவது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

முக்திநாத் யாத்திரைக்குத் தமிழக அரசு இந்து சமய அறநிலையத் துறை மூலம் மானியம் தருகிறது. 2012இல் தொடங்கிய திட்டம் இது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட், தங்கிய ரசீது, அனுமதிச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம். இந்தியர்களுக்குக் கட்டணம் குறைவு.

நமது ஒரு ரூபாய் அங்கே 1 ரூபாய் 60 காசு. சில்லறைச் செலவுக்கு நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோனால் தொல்லை இல்லை. பயிருக்குக் காப்பீடு செய்கிற நாம் பயணத்துக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். உயரமான இடத்திலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குகிறதா என்று கேட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்.

மெதுவாக ஏறினால் மலை விடும்

மல்லாங்கிணறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் போனால் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கமின்மை வரலாம். வயல் வேலை செய்து உரமேறிய உடம்பு என்பதால் இது வராது என்று எண்ண வேண்டாம். வாலிபருக்கும் வரும். இதைத் தடுக்கும் வழி மெதுவாக ஏறுவதுதான். தடுப்பு மாத்திரை உண்டு என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

இருவரும் கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்தார்கள். அழுத்த மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வைத்தார்கள். பதினைந்து நாள் திட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சோனௌலி எல்லை, லும்பினி, சுமார் 820 மீட்டர் உயரமுள்ள பொக்கராவில் இரண்டு இரவு. பிறகு காளி கண்டகி ஆற்றோரச் சாலையில் ஒரு முழுப் பகல் பயணம். ஜோம்சோமுக்குச் சற்று முன்னால், 2,600 மீட்டருக்கு மேலே, மார்பா என்ற ஊரில் தங்கல். இந்தத் திட்டத்தில் எந்த வேலையும் இல்லாத ஒரு நாளையும் சேர்த்திருந்தார்கள்.

அந்த நாள்தான் காப்பாற்றியது. மார்பாவில் இறங்கிய இரவு அக்காவுக்குத் தலை கனத்தது, சோறு இறங்கவில்லை. காலையில் வண்டிக்காரர் மேலே கிளம்ப அவசரப்படுத்தினார். கூட வந்தவர்களும், “இன்னும் கொஞ்ச தூரந்தானே, சாமியைப் பார்த்தா சரியாயிரும்” என்றார்கள்.

அக்காவும், “என்னால எல்லாருக்கும் சிரமம் வேண்டாம்ப்பா, போயிருவோம்” என்றார்.

“அவுங்க போகட்டும்க்கா. நாம நாளைக்குப் போவோம். தலைவலி கூடுச்சுன்னா கீழே இறங்கிருவோம். சாமி எங்கேயும் போயிராது” என்று தம்பி நின்றுவிட்டார்.

வண்டிக் கூலியில் ஒரு நாள் பணம் கூடுதலாகப் போனது. ஆனால் அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது என்பதும், அது கூடினால் உடனே இறங்க வேண்டும் என்பதும் மாற்ற முடியாத விதிகள்.

மலையின் மறுபுறம்

தங்கிய அந்தப் பகலில் தம்பி தோட்டங்களைப் பார்த்தார். பொக்கராவுக்கு அருகே லும்லே என்ற இடத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அன்னபூர்ணா, தௌலகிரி மலைகளைத் தாண்டி வந்தால் மஸ்டாங் பகுதியில் 300 மில்லிமீட்டர்கூட இல்லை. மேகம் முன்பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. பின்பக்கம் மழை மறைவு. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே நம் கரிசலுக்கு நேர்ந்ததும் இதுதான். ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெறும் நாம், அவர்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள்.

அந்த வறண்ட மண்ணில் மார்பா ஆப்பிளுக்குப் பேர் வாங்கியிருக்கிறது. 1966இல் அங்கே தோட்டக்கலைப் பண்ணை தொடங்கியது. பனி உருகி வரும் ஓடை நீரை வாய்க்காலில் கொண்டுவந்து பாய்ச்சுகிறார்கள். விற்காத ஆப்பிளை வில்லையாக நறுக்கிக் காயவைத்துச் சிப்பம் போடுகிறார்கள். நாம் வத்தல் போடுவதுபோல்தான். கன்று, விதை, மண் என்று எதையும் ஆசைப்பட்டு எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. அதோடு பூச்சியும் நோயும் வந்துவிடும். காய்ந்த ஆப்பிள் ஒரு பொட்டலம் போதும்.

சாயங்காலம் அக்கா கஞ்சி கேட்டார். மறுநாள் தலைவலி இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு காற்று புழுதியை வாரி அடிக்கும் என்பதால் விடியலிலேயே கிளம்பினார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றம். அக்கா குதிரையில் போனார். வைணவர்கள் 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று போற்றும் தலம் அது. பௌத்தர்களும் அங்கே வழிபடுகிறார்கள். கோயிலைச் சுற்றி 108 தாரைகளில் பனி நீர் விழுகிறது. அழுத்தம் உள்ளவர் அதில் நனைவது ஆபத்து. அக்கா ஒவ்வொரு தாரையிலும் கை நீட்டி நெற்றியில் தெளித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் இறங்கி மார்பாவிலேயே தூங்கினார்கள். பகலில் உயரம் ஏறினாலும் இரவுக்குத் தாழ வந்துவிடுவது நல்ல முறை.

ஊர் திரும்பியபோது ஒரு கோடை மழை பெய்திருந்தது. மண் சரியான பதத்தில் இருந்தது. மறுநாளே டிராக்டருக்குச் சொல்லிவிட்டார் தம்பி. விதைப் பணம் பீரோவில் வைத்த இடத்திலேயே இருந்தது.