எச்சவும்மையா, எண்ணும்மையா?

ரொறன்ரோவில் கணினி பயிலும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி அண்மையில் தொலைபேசியில் கேட்டாள்: "பெரியப்பா, 'அண்ட்', 'ஓர்', 'நொட்' எண்டதுகளுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?" உடுப்பிட்டியில் வேர்கொண்ட குடும்பத்துப் பிள்ளை. 'உம்', 'அல்லது', 'அல்ல' என்று சொல்லிவிட்டேன். ஆனால், அந்த 'உம்' என்னை விடுவதாயில்லை. ஆயுளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகத்தில் அரசியற் செய்திகளைத் திருத்துவதில் கழித்தவனுக்கு அது வெறும் கணக்குக் குறியீடன்று.

இந்த மூன்று சொற்களையும் இயற்கணிதமாக்கியவர் 1815இல் இங்கிலாந்தில் பிறந்த ஜோர்ஜ் பூல். அயர்லாந்தின் கோர்க் நகரில் கணிதப் பேராசிரியராயிருந்தபோது, 1854இல் சிந்தனையின் விதிகள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மெய் என்பது 1, பொய் என்பது 0. 'அண்ட்' கொண்டு இணைத்த இரு கூற்றுகளும் மெய்யானால் மட்டுமே முழுமையும் மெய்யாகும். 'ஓர்' என்றால் ஒன்று மெய்யானாலே போதும். 1937இல் குளோட் ஷனன் என்ற அமெரிக்க மாணவர், மின் ஆளிகளைக் கொண்டே இந்தக் கணக்கைச் செய்துவிடலாம் எனக் காட்டினார். இன்றைய கணினிகள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

இந்த ஆளி அமைப்பைத் தமிழ்நாட்டார் 'வாயில்' என்பர். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் அது 'தர்க்கப் படலை'. யாழ்ப்பாணத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஒழுங்கையிலிருந்து வளவுக்குள் நுழைய ஒரு படலை, வளவிலிருந்து முற்றத்துக்கு இன்னொரு படலை என்றிருந்தால், இரண்டும் திறந்தால்தான் வீட்டை அடையலாம். அது 'அண்ட்'. முன்படலை பூட்டியிருந்தாலும் வேலிப் பொட்டால் புகுந்துவிடலாம் என்றால் அது 'ஓர்'.

இனி எங்கள் இலக்கணத்துக்கு வருவோம். உம் என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியரும் நன்னூலாரும் எட்டுப் பொருள் கூறினர். அவற்றுள் இரண்டு இங்கே போதும். "கந்தனும் வேலனும் வந்தனர்" என்பது எண்ணும்மை. பெயர்களை இடம்மாற்றினாலும் பொருள் மாறாது. பூலின் 'அண்ட்' இதுவே. "வேலனும் வந்தான்" என்பது எச்சவும்மை. வேறொருவன் ஏற்கெனவே வந்துவிட்டான், இவன் அவனோடு சேர்க்கப்பட்டவன் என்ற குறிப்பு அதற்குள் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு இலங்கையின் மொழிச் சட்டங்களைப் படித்துப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. அங்கே உம்மைக்கு இடமே இல்லை. 1978இன் அரசியலமைப்பு, தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் என்றது. இது எண்ணும்மை. ஆனால், அதற்கு முந்திய உறுப்புரையில் அரசகரும மொழி சிங்களம் என்றே நின்றது. மதிப்புரைக்கும் இடத்தில் இருவர், அதிகாரம் வழங்கும் இடத்தில் ஒருவர்.

1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய – இலங்கை ஒப்பந்தம், அரசகரும மொழி சிங்களம் என்று முதலில் கூறி, தமிழும் ஆங்கிலமும் கூட அரசகரும மொழிகளாகும் என்று அடுத்த வாக்கியத்தில் சேர்த்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த 13ஆவது திருத்தமும் பழைய வாக்கியத்தைத் தொடவில்லை. அதன் கீழே தமிழும் ஓர் அரசகரும மொழி என்ற புதிய வாக்கியம் அமர்த்தப்பட்டது. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. ஆக, தமிழுக்குக் கிடைத்தது எச்சவும்மை. தர்க்கப்படி பார்த்தால் இரு வாக்கியங்களும் தனித்தனியே மெய், ஆகவே இரண்டும் சமம் என்று வாதிடலாம். பூல் அதை ஏற்பார். நன்னூலார் புருவத்தை உயர்த்துவார்.

அந்த ஆண்டு எங்கள் ஊருக்கு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மே மாத இறுதியில் வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை; ஒக்டோபரில் இந்தியப் படையுடன் போர். 1960 முதல் பத்தாண்டுகள் மு. சிவசிதம்பரத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி உடுப்பிட்டி. அவர் 1968 முதல் 1970 வரை பிரதிச் சபாநாயகராகவும் இருந்தார். 1977இல் அத்தொகுதி தெரிவுசெய்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் இராசலிங்கம். 1983 ஆகஸ்டில் வந்த 6ஆவது திருத்தம் கோரிய சத்தியப்பிரமாணத்தைச் செய்யாமையால் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். எனவே 1987இல் அந்த 'உம்' வாக்கெடுப்புக்கு வந்தபோது, அது எவ்வகை உம்மை என்று கேட்க உடுப்பிட்டியின் உறுப்பினர் அவையில் இல்லை.

1988இன் 16ஆவது திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்றும், அரச அலுவலகங்களிலிருந்து தமிழில் பதில்பெறும் உரிமை மக்களுக்கு உண்டு என்றும் அது விதித்தது. அப்படியிருந்தும், கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தனிச் சிங்களத்தில் பதில் வந்தது. எனக்குச் சிங்களம் ஓரளவு வாசிக்க வரும். ஓய்வூதியம் பற்றி இப்படியொரு கடிதம் வந்த அயல்வீட்டு முதியவருக்கு வராது. அதை வாசிப்பித்து அறிய அவருக்கு இரண்டு நாள் அலைச்சல்.

இதையும் பூலின் கணக்கிலே போட்டுப் பார்க்கலாம். சட்டத்தில் உரிமை உண்டு என்பது 1. மேசையில் தமிழ் தெரிந்த அலுவலர் இல்லை என்பது 0. இரண்டையும் 'அண்ட்' கொண்டு இணைத்தால் விடை 0. பாதி தந்துவிட்டோம், மீதி மெல்ல வரும் என்பார்கள் சிலர். பூலின் கணக்கில் அரை என்றொரு விடை கிடையாது.

அரசியலமைப்பில் அந்த இரு வாக்கியங்களையும் ஒன்றாக்கி, 'சிங்களமும் தமிழும்' என எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். அது ஒழுங்கையோரப் படலை. அந்த முதியவருக்கோ இலக்கண விசாரம் எதுவுமில்லை. முற்றத்துப் படலை எப்போது திறக்கும் என்றுதான் அவர் கேட்கிறார்.