விளக்கை அணைக்கச் சொன்ன பியானோ கலைஞர்

ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் 1915 மார்ச் 20 அன்று ஜிதோமிர் நகரில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. வளர்ந்தது கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில். தந்தை தியோஃபில் ஜெர்மானிய வம்சாவளியினர். பியானோவும் ஆர்கனும் வாசிப்பவர். ஆரம்பப் பாடம் அவரிடம்தான். ஆனால் பையனுக்குச் சாதகம் செய்வதில் நாட்டமில்லை. கைக்குக் கிடைத்த ஆப்பராப் புத்தகங்களைப் பிரித்துவைத்து, பார்த்த மாத்திரத்தில் வாசித்துப் பழகினார். வாக்னரும் வெர்டியும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பதினெட்டு வயதிலேயே ஒடெசா ஆப்பராவில் பாடகர்களை ஒத்திகை பார்க்க வைக்கும் வேலை கிடைத்தது. ஓர் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் பத்து விரல்களுக்குள் கொண்டுவரும் வித்தை அங்கே கைவந்தது. 1934-இல் சோப்பினை மட்டுமே வாசித்து முதல் தனிக்கச்சேரி செய்தார்.

1937-இல், 22 வயதில், முறையான படிப்பு ஏதுமில்லாமல் மாஸ்கோ இசைக் கல்லூரிக்கு வந்து அங்கே பியானோ ஆசிரியரான ஹைன்ரிச் நெய்ஹவுஸ் முன்னால் உட்கார்ந்தார். இப்படி ஒரு மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கத் தன்னிடம் அதிகம் இல்லை என்று நெய்ஹவுஸ் பிற்காலத்தில் சொன்னதுண்டு. ஆசிரியரின் தன்னடக்கம் அது. தன் தொனியைத் திறந்துவிட்டவரும், ஸ்வரங்களுக்கு நடுவே வரும் மௌனத்தின் அருமையை உணர்த்தியவரும் நெய்ஹவுஸ்தான் என்பது ரிக்டரின் கட்சி. கட்டாய அரசியல் பாடங்களுக்குப் போக மறுத்ததால் கல்லூரி அவரை வெளியேற்றியது. ஆசிரியர் விடாமல் திரும்ப வரவழைத்தார். தங்க இடமில்லாத நாட்களில் நெய்ஹவுஸ் வீட்டுப் பியானோவின் அடியில்தான் தூக்கம்.

1941-இல் போர் மூண்டது. ஜெர்மானியப் பெயர் கொண்ட தந்தையை ஒடெசாவில் சோவியத் அதிகாரிகள் உளவாளி என்று கைது செய்து சுட்டுக்கொன்றார்கள். தாய் வேறொருவரை மணந்து ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகன் அவரை மறுபடி பார்த்தது 1960-இல்தான். தந்தையைக் கொன்ற அரசின் மேடைகளில்தான் ரிக்டர் தொடர்ந்து வாசித்துவந்தார். அவர் எதிர்ப்பாளரும் அல்ல, அரசின் ஆளும் அல்ல. 1953 மார்ச்சில் ஸ்டாலின் உடல் வைக்கப்பட்டிருந்த மண்டபத்தில் வாசிக்க, திபிலிசியிலிருந்து மலர்வளையங்கள் நிறைந்த விமானத்தில் அவரை அழைத்துவந்தார்கள். அங்கிருந்த பியானோவின் பெடல் வேலை செய்யவில்லை. அதற்கு முட்டுக்கொடுக்க அவர் குனிந்தபோது காவலர்கள் பதறிப்போனதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1960-இல், அரசு ஒதுக்கிவைத்த கவிஞர் பாஸ்டர்நாக்கின் இறுதிச்சடங்கிலும் அதே கைகள் வாசித்தன.

ஸ்டாலின் இறந்த நாளிலேயே இறந்தவர் இசையமைப்பாளர் புரோகோஃபியேவ். அவருடைய ஏழாம் சொனாட்டாவை நான்கே நாளில் மனப்பாடம் செய்து, 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேற்றியவர் ரிக்டர். ஒன்பதாம் சொனாட்டாவை இசையமைப்பாளர் அவருக்கே சமர்ப்பித்தார். 1952-இல் விரலில் அடிபட்டு வாசிக்க முடியாதிருந்தபோது, ரோஸ்ட்ரோபோவிச்சின் செல்லோவுக்காகப் புரோகோஃபியேவ் எழுதிய படைப்பின் முதல் அரங்கேற்றத்தில் ரிக்டர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அத்தோடு சரி. அலசிப் பிரிப்பதும் அதிகாரம் செய்வதும் தனக்கு ஆகாத இரண்டு காரியங்கள், நடத்துநருக்கு இரண்டும் வேண்டும் என்று சொல்லி, அந்தக் கோலை அவர் மறுபடி தொடவில்லை.

மேற்கு நாடுகளுக்கு அவர் பெயர்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. 1955-இல் அமெரிக்கா சென்ற சோவியத் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ், தன்னைப் பாராட்டியவர்களிடம், ரிக்டரைக் கேட்கும்வரை பொறுங்கள் என்றார். ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1960 அக்டோபரில் சிகாகோவில் பிராம்ஸின் இரண்டாம் கான்செர்ட்டோ, தொடர்ந்து நியூயார்க் கார்னகி அரங்கில் வரிசையாகத் தனிக்கச்சேரிகள். புகழ் ஒரே மாதத்தில் வந்தது. அமெரிக்காவோ அவருக்குப் பிடிக்கவேயில்லை. 1970-க்குப் பிறகு அங்கே போகவில்லை. பெரிய அரங்குகளைவிட, பிரான்சில் தூர் நகருக்கு அருகே உள்ள 13-ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் அவருக்கு உவப்பாக இருந்தது. 1964-இல் அங்கே ஓர் இசைவிழாவைத் தொடங்கினார்.

தன் விருப்பு வெறுப்பில் அவர் பிடிவாதக்காரர். பீத்தோவனின் நான்காம், ஐந்தாம் கான்செர்ட்டோக்களைத் தொடவே இல்லை. ஊரெல்லாம் வாசிக்கும் ‘மூன்லைட்’ சொனாட்டாவும் அவர் பட்டியலில் கிடையாது. பாக்கின் ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ இரண்டு பாகங்களும் உண்டு. ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவின் முதல் பகுதியை ஏறக்குறைய 25 நிமிடம் நீட்டுவார். இவ்வளவு மெதுவாக வாசிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, ஷூபர்ட் எழுதிய வேகம் அதுதான் என்பது அவர் பதில். அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. இசைப்புத்தகத்தில் உள்ளதை வாசிப்பதுதான் கலைஞனின் வேலை, தன் பங்காக ஒன்றையும் சேர்க்கக் கூடாது என்பதே அவர் நம்பிக்கை. ஆனால் அவர் வாசிப்பை நாலு நொடி கேட்டாலே யாருடையது என்று தெரிந்துவிடும். இந்த முரணை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

வயதாக ஆக, காதில் ஒரு கோளாறு சேர்ந்தது. பிறவியிலேயே துல்லியமான ஸ்ருதி ஞானம் கொண்டவருக்கு, ஒவ்வொரு ஸ்வரமும் உள்ளதைவிட உயர்ந்த ஸ்ருதியில் கேட்கத் தொடங்கியது. விரல் ஒரு கட்டையை அழுத்த, காது வேறு கட்டையின் ஒலியைச் சொன்னால் மனப்பாடம் எப்படி நிற்கும்? புத்தகத்தை எதிரே விரித்துவைத்து வாசிக்கும் வழக்கம் அப்படித்தான் உறுதிப்பட்டது. கூடவே அரங்கத்தின் விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். பக்கத்தின் மேல் ஒரு சிறு விளக்கு மட்டும். கலைஞனின் முகத்தையும் கையையும் வேடிக்கை பார்ப்பது இசைக்கு இடைஞ்சல் என்று அதற்குக் காரணம் சொன்னார். நிலைமைக்கு ஏற்ற ஏற்பாட்டைக் கொள்கையாக்கிக்கொண்டார் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் கொள்கை அவருக்கு முன்பிருந்தே பொருந்தியிருந்தது.

1986-இல், 71 வயதில், சைபீரியா வழியாக ஆறு மாதப் பயணம் போனார். கச்சேரி அரங்கமே இல்லாத சிற்றூர்களிலும் வாசித்தார். பதிவு ஸ்டூடியோ என்றால் வேண்டாவெறுப்பு. ஆகவே அவருடைய சிறந்த பதிவுகளில் பல மேடையிலேயே எடுத்தவை. 1958-இல் சோஃபியாவில் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படைப்பை வாசித்த பதிவில் சபையின் இருமல் இடைவிடாமல் கேட்கிறது. அதையும் மீறி அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

கடைசிக் கச்சேரி 1995 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்தது. 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் காலமானார். நோவோதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.