சத்தம் வராத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் இரண்டு வண்டிகளில் மதுரைக்குப் போனோம். ஆர்ப்பாட்டமும் இல்லை, மனு கொடுக்கிற வேலையும் இல்லை. புது பைக் பார்க்கப் போனோம். எங்களில் ஒருவரின் அண்ணன் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. முன்பணத்துக்குச் சேர்த்துவிட்டான். எந்த வண்டி வேண்டும் என்பதில் அவனுக்குக் குழப்பமே கிடையாது. புல்லட் 350, கறுப்பு.

கிளம்பும்போது அவன் அம்மா வாசலுக்கு வந்தார். "எந்த வண்டி வேணும்னாலும் வாங்குங்க. சத்தம் வராத வண்டியா வாங்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் வீடு சிவகங்கை மாவட்டத்தில். 2025 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில், மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகவே சாதியைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி மூன்று பேர் கைதானார்கள். செய்தி ஒரு வாரம் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. எங்கள் காலனி அம்மாக்களின் மனதில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ஒன்று ஸ்பிளெண்டர், மற்றொன்று எங்கள் பழைய ஆர்.எக்ஸ். 100. வெறும் 98 சிசி, டூ ஸ்ட்ரோக். அதன் உற்பத்தி நின்று முப்பது வருஷம் ஆகப் போகிறது. உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் எங்கள் மெக்கானிக் அண்ணன் கை வைத்தால் ஒரே உதையில் எழுந்துவிடும். மானாமதுரை தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் மூன்றாவது கியரில் அது இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். நான்குவழிச் சாலையில் எங்களுக்குப் பிடித்த விஷயம் இன்னொன்றும் உண்டு. அங்கே யாரும் நீ எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

திருப்புவனத்தில் டீ குடித்தோம். ஆர்.எக்ஸ். வாங்கிய கதையைப் பையன் கேட்டான். அவனுக்கு முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் காலனிக்குப் போகிற பாதை ஊர்த் தெரு வழியாகத்தான் போகிறது. அந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த நாளில், சாவடிக்கு முன்னால் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, தெரு முடிகிற வரை தள்ளிக்கொண்டு போனோம். யாரும் அன்று வந்து மிரட்டவில்லை. சைக்கிளை எங்கள் அப்பாக்கள் அப்படித்தான் தள்ளினார்கள், நாங்களும் தள்ளினோம். காலனிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, இனி இறங்குவதில்லை என்று முடிவெடுக்கப் பல வருஷம் ஆனது. பையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "தள்ளிட்டுப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

மதுரையில் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினோம். ஹண்டரில் உட்கார்ந்து பார்த்தோம், ரோனினைச் சுற்றி வந்தோம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருந்த கடையில் விற்பனையாளர் பெருமையாக, "சத்தமே வராது சார்" என்றார். நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். ஏன் சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. சொல்கிற விஷயமும் இல்லை.

கடைசியில் புல்லட். 349 சிசி, 20 குதிரைசக்தி, எடை 195 கிலோ. எங்கள் ஆர்.எக்ஸ். போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும், இப்போது எல்லா வண்டியையும் போல இடது காலில். பழைய 'டப் டப்' குறைந்துவிட்டது என்று மெக்கானிக் அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். பையன் ஓட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வரும்போது ஹெல்மெட்டுக்குள் அவன் பல் தெரிந்தது. அப்படி அவன் சிரித்து நாங்கள் பார்த்து நாளாகிறது.

தவணைக்கான படிவம் நிரப்பும்போது முகவரி கேட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னோம். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்றார் அந்தத் தம்பி. வீடு தேடி வர வேண்டும் என்பதற்காகக்கூடக் கேட்டிருக்கலாம். "காலனி" என்றோம், எழுதிக்கொண்டார். மைலேஜ், எடை, டேங்க் கொள்ளளவு என்று எல்லாம் போட்டிருக்கிற அந்த வழவழப்பான தாளில் ஒரு விவரம் மட்டும் இல்லை: இந்த வண்டியைப் பார்த்தால் யாருக்குக் கோபம் வரும் என்பது. எங்கள் வீடுகளில் முதலில் பார்க்கிற விவரம் அதுதான்.

வண்டிக்கும் சாதிக்குமான சண்டை இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. 1929-ல் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் தயாராக இல்லை. மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழகாத தங்களில் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். வண்டி விபத்துக்குள்ளாகி அண்ணலின் கால் எலும்பு முறிந்தது. அவரே இதை எழுதியிருக்கிறார். அன்று வண்டியோட்டிக்குக் கௌரவக் குறைவு. இன்று நாமே ஓட்டினால் தெருவுக்குக் கௌரவக் குறைவு.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை, சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும் குற்றம். 3(1) பிரிவில் இசட்.ஏ. உட்பிரிவு. ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லை இதற்காக எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் எத்தனை தெருக்களில் இறங்கித் தள்ளியிருக்க வேண்டும்!

முன்பணம் கட்டும் முன் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டோம்.

"ஓட்டிப் பாத்தானா?"

"பாத்தான் மதினி. சிரிச்சுக்கிட்டே வந்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, அதையே எழுதிட்டு வாங்க. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல அதுல ஊருக்குள்ள வரக் கூடாதுன்னு அவங்கிட்டச் சொல்லிருங்க."

நாங்கள் சொல்லவில்லை. அவனுக்கே கேட்டிருந்தது.

இருட்டுகிற நேரத்தில் ஊர் திரும்பினோம். சாவடித் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெருவைக் கடந்து காலனிக்கு வந்து வண்டியை ஸ்டாண்ட் போட்டதும் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்.

"சித்தப்பா, சாவடி வளைவுல ஏன் ஹாரன் அடிக்கல? எதிர்ல மாடு கீடு வந்திருந்தா?"

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. பாதி வழியில் ஆக்சிலேட்டரையும் தளர்த்தியிருக்கிறோம். வண்டியை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டோம், சரி. ஆனால் ஆள் தெரியாத அந்த வளைவில் இத்தனை வருஷமாக ஒருநாள்கூட ஹாரன் அடித்ததில்லை. அடிக்காதே என்று யாரும் சொன்னதுமில்லை.

புல்லட் கைக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் காலனிப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து அந்த உட்பிரிவைப் படித்துக் காட்டப் போகிறோம். எட்டு மணிக் கட்டுப்பாட்டைப் பற்றி மதினியிடம் வாதாட எங்களுக்கு வாய் வராது. பெற்றவர் பயப்படுவதில் தப்பில்லை, பயப்பட வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வளைவில் ஹாரன் அடிப்பதை மட்டும் நாளையிலிருந்தே தொடங்குகிறோம். அது திமிர் இல்லை, சாலை விதி.